செங்கலா, கொங்கிறீற்றா, பிளாஸ்டிக்கா?
மலசலகூடக் கழிவுத் தாங்கியைத் தெரிவு செய்தல்

மண்சரிவினால் வீடு வாசலை இழந்து, புதிய காணியிற் குடியேறியுள்ள குடும்பங்களைச் சந்திக்கும்போது எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "மலசலகூடத்துக்கு எந்த டாங்கி நல்லது? கடையில கறுப்பு டாங்கி இருக்கு, ரெண்டு பேர் உருட்டிக்கிட்டு வந்துடலாம். செங்கல்னா எழுநூறு எண்ணூறு கல்லை இந்த மலையில யார் சுமக்கிறது?" இக்கேள்வி நியாயமானது. ஆனால் கடைக்காரர் ஒருவிதமாகவும் மேசன்பாஸ் இன்னொருவிதமாகவும் இதற்குப் பதில் சொல்வார்கள். இருவரும் தத்தம் பொருளையே புகழ்வர். ஆகவே இவ்விதழில் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இது சிறிய விடயமன்று. 2016 மே 17ஆந் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டியவில் களுபான தோட்டத்து லயமும் அதே நாட்களில் மண்ணுக்குள் போனது. அடுத்த ஆண்டு, 2017 மே மாதத்தில், இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் சரிவும் சேர்ந்து வந்தன. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாடெங்கும் மீண்டும் மண் இறங்கியது. ஒவ்வொரு முறையும் குடும்பங்கள் பாடசாலையிலும் கோவிலிலும் தங்கி, பின்னர் புதிய காணிக்குச் செல்கின்றன. அங்கே முதலில் எழும்புவது வீடு; பணம் முடிந்த பிறகே மலசலகூடத்தின் நினைவு வருகின்றது. மிஞ்சிய பணத்தில் அவசரமாகத் தோண்டிய குழி, கீழ் வரிசை வீட்டாரின் குடிநீரைக் கெடுக்கின்றது. முகாமில் தப்பிய பிள்ளைக்குச் சொந்த வீட்டில் நெருப்புக்காய்ச்சலோ செங்கமாரியோ வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தாங்கியின் வேலை என்ன?

தாங்கி மலத்தை ஒழித்துவிடும் என்று பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. மலசலகூடத்திலிருந்து வரும் நீர் அதனுள் ஒரு நாளாவது அசையாமல் நிற்க வேண்டும். அப்போது பாரமானவை அடியில் சேறாகப் படியும். இலேசானவை மேலே ஆடையாக மிதக்கும். நடுவிலுள்ள நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சு குழிக்குச் செல்லும். அடியில் உள்ள சேற்றைக் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் மெல்ல மெல்லத் தின்று குறைக்கும். வெளியேறும் நீர் பார்வைக்குத் தெளிவாயிருப்பினும் நோய்க் கிருமிகள் நிறைந்தது. அதனைச் சுத்திகரிப்பது உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண்ணேயாகும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். தாங்கி கசியக் கூடாது. உறிஞ்சு குழி கசிய வேண்டும். எம் பகுதிகளில் நடக்கும் தவறுகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை. எப்பொருளால் கட்டினாலும் நீர் கசியாமல் நிற்கின்றதா என்பதே முதற் கேள்வி. பொருளின் பெயர் இரண்டாவது.

முதலிற் காணியைப் பாருங்கள்

சமவெளியில் தாங்கி கசிந்தால் கிணறு கெடும். மலைச் சரிவிற் கசிந்தால் கிணறும் கெடும், மலையும் நனையும். ஒருவர் நாளொன்றுக்கு 30 லீற்றர் ஊற்றுகின்றார் என்று கொள்வோம். ஐந்து பேருள்ள வீட்டிலிருந்து நாளுக்கு 150 லீற்றர்; ஆண்டுக்கு 50,000 லீற்றருக்கும் மேல். வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டிய கரையின் மேல் தாங்கியை வைத்து, அது கசியவும் தொடங்கினால், இவ்வளவு நீரும் அந்தக் கரைக்குள்ளேயே இறங்கும். ஏற்கெனவே ஒரு தரம் மண்ணுக்கு வீட்டைக் கொடுத்தவர்களுக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தாங்கி கசிவில்லாததாயின், நீர் எங்கே இறங்க வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்: வீட்டிலிருந்தும் வெட்டிய கரையிலிருந்தும் விலகி, மழைக் கானு ஓடாத இடத்தில். கூரை நீரையும் ஒருபோதும் தாங்கிக்குள் விடாதீர்கள்.

இம்மாவட்டங்களில் வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் இடத்தைப் பார்வையிடுவதுண்டு. அவர்கள் வரும்போது வீட்டின் மூலைகளை மட்டும் காட்டி அனுப்பிவிடாமல், தாங்கியும் உறிஞ்சு குழியும் வரப்போகும் இடத்தையும் காட்டிக் கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் அவ்வாறே.

அடுத்தது குடிநீர். கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே 50 அடி என்பது எம்மிடையே வழமையாகச் சொல்லப்படும் தூரம். அனர்த்த நிவாரணப் பணியாளர்கள் கையாளும் ஸ்பியர் கைநூல் 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி கேட்கின்றது. குழியின் அடி, நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றராவது மேலே இருக்க வேண்டும் என்கின்றது. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தோட்டக் குடியிருப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்ட காணி 7 பேர்ச்சஸ். சுமார் 1,900 சதுர அடி. சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 44 அடி கூட இல்லை. ஆகவே 50 அடி என்பது உங்கள் வேலிக்குள் அடங்காது. உங்கள் குழிக்கு மிக அண்மையிலுள்ள கிணறு உங்களுடையதாக இருக்காது, அயலவருடையதாகவே இருக்கும். அவருடைய குழி உங்கள் பீலிக்கு மேலே இருக்கும். வரிசையில் உள்ள எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, பீலியும் கிணறும் எங்கே, குழிகள் எங்கே என்று ஒரு தாளிற் கீறிப் பார்க்காமல் இது தீராது.

நீர்மட்டத்தை அறிய இயந்திரம் தேவையில்லை. இரத்தினபுரிப் பக்கத்தில் மாணிக்கக் குழி வெட்டியவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். எத்தனை அடியில் ஊற்று வரும், மே மாத மழைக்கு அது எவ்வளவு மேலே ஏறும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வறண்ட மாதத்திற் தோண்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். இங்கு ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்யும் இடங்கள் பல. மாசியிற் காய்ந்திருந்த குழி வைகாசியில் நிரம்பி நிற்கும்.

செங்கல்லும் சீமெந்துக் கல்லும்

எமது பெரும்பாலான வாசகர்களுக்கு நாம் முதலிற் சொல்வது செங்கல் தாங்கியையே. காரணம் எளியது. கல்லைத் தலைச் சுமையாக, பகுதி பகுதியாகக் கொண்டு போகலாம். லொறி போகாத பாதையிலும் கட்டலாம். காணியின் அளவுக்கேற்ப நீளம் அகலத்தை மாற்றலாம். அதன் பாரமே அதனை மண்ணில் அமுக்கி வைத்திருக்கும். வெடித்தால் உள்ளூர் மேசன்பாஸே திருத்துவார்.

குறை என்னவெனில், செங்கல் தானாக நீரைத் தடுக்காது. தடுப்பது உட்பூச்சே. ஒன்பது அங்குலச் சுவர், அடியில் நான்கைந்து அங்குலக் கொங்கிறீற், உள்ளே ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலந்து இரு தடவை பூச்சு, அதன் மேல் வெறும் சீமெந்துப் பால் தேய்ப்பு. மணல் கழுவியதாக இருக்க வேண்டும். மண் கலந்த மணலிற் பூசிய பூச்சு ஓராண்டிலேயே உதிரும். மூலைகளை உருட்டிப் பூசச் சொல்லுங்கள். பூசியபின் ஏழு நாட்களாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். 2022இல் சீமெந்து விலை தாறுமாறாக ஏறியதிலிருந்து பூச்சில் மிச்சம் பிடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. சுவரில் மிச்சம் பிடித்தாலும் பூச்சில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சீமெந்துக் கல்லும் ஏறத்தாழ இப்படியே. ஆனால் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கல் பல, விரலால் சுரண்டினால் உதிர்பவை. உள்ளே ஓட்டையுள்ள கல்லாயின் ஓட்டையைக் கொங்கிறீற்றால் நிரப்ப வேண்டும்.

கபுக் கல் பற்றியும் கேட்கின்றனர். கேகாலைப் பக்கம் அது கையருகே கிடைப்பது; வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப் பட்டபின் கடினமாகவும் இருப்பது. ஆனால் அது துளைகள் நிறைந்த கல். உறிஞ்சு குழியின் உட்சுவருக்குச் சாந்தில்லாமல் அடுக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. தாங்கிக்கு வேண்டாம்.

கொங்கிறீற் வளையம்

கிணற்றுக்கு இறக்கும் வளையங்களை இரண்டு மூன்று அடுக்கி, "இதுதான் செப்டிக் டாங்கி" என்று விற்பவர்கள் இருக்கின்றனர். அடி திறந்திருந்தால் அது தாங்கியன்று, உறிஞ்சு குழி. மலம் நேரே மண்ணுக்குள் இறங்கும். சில ஆண்டுகளில் மண்ணின் துளைகள் அடைபட்டுக் குழி பொங்கும். வளையத்தைத் தாங்கியாக்க வேண்டுமாயின் அடியில் கொங்கிறீற் தட்டுப் போட்டு, ஒவ்வொரு மூட்டையும் உள்ளும் புறமும் சாந்திட்டு அடைக்க வேண்டும். சரிவான நிலத்தில் மண் சற்று நகர்ந்தாலும் மூட்டு விலகும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

பாரமும் ஒரு பிரச்சினை. மூன்றடி விட்டம், இரண்டடி உயரம், இரண்டங்குலத் தடிப்புள்ள ஒரு வளையம் 200 கிலோவைத் தாண்டும். றோட்டோரக் காணிக்குச் சரி. ஒற்றையடிப் பாதையில் அதை உருட்டிக்கொண்டு இறங்கி, கால் நசுங்கியவர்களை நாம் அறிவோம்.

கம்பி கட்டி அதே இடத்தில் வார்க்கும் கொங்கிறீற் தாங்கி எல்லாவற்றிலும் உறுதியானது. பாடசாலைக்கோ, பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கோ, பல வீடுகள் சேர்ந்த பொதுத் தாங்கிக்கோ அதுவே ஏற்றது. தனி வீட்டுக்கு அவ்வளவு செலவு அவசியமில்லை என்பது எமது கருத்து. கம்பி வலையும் சீமெந்தும் கொண்டு 1990களில் மழைநீர்த் தாங்கி கட்டப் பழகிய மேசன்மார் உங்கள் பகுதியில் இருந்தால், அதே கைத்தொழிலால் மெல்லிய சுவருள்ள நல்ல கழிவுத் தாங்கியும் கட்டலாம்.

சீமெந்துத் தாங்கி எதுவாயினும் ஒரு விடயம். உள்ளே அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு உண்டாகும். அது மேல் மூடியின் அடிப்புறத்து ஈரத்திற் கலந்து, கிருமிகளால் கந்தக அமிலமாக மாறிக் கொங்கிறீற்றை அரிக்கும். பிறகு கம்பி துருப்பிடிக்கும். தாங்கி கெடுவது பெரும்பாலும் நீர் நிற்கும் இடத்தில் அன்று, நீருக்கு மேலேதான். ஆகவே மூடியின் அடியிற் கம்பி வெளியே தெரியாமல் ஓரங்குலத்துக்குக் குறையாத கொங்கிறீற் மறைப்பு இருக்க வேண்டும். வாயு வெளியேறக் கூரைக்கு மேலே போகும் குழாயும் வேண்டும். தோட்டத்தில் வெறுமனே கிடக்கும் தார்ப் பீப்பாயைப் புதைப்பவர்களுக்கு இதே காரணத்தால் ஒரு சொல்: சில ஆண்டுகள்கூட நில்லாது.

பிளாஸ்டிக் தாங்கி

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, அமிலம் அரிக்காது, மூட்டில்லாததால் கசியாது. தொழிற்சாலையில் ஒழுங்காகச் செய்தது, மேசனின் பூச்சை நம்ப வேண்டியதில்லை. இவை உண்மையான நன்மைகள். தீமைகள் வேறிடத்தில் உள்ளன.

முதலாவது, கூரை மேல் வைக்கும் தண்ணீர்த் தாங்கியைப் புதைக்கக் கூடாது. அது உள்ளிருந்து வெளியே தள்ளும் நீருக்காகச் செய்யப்பட்டது. வெளியிலிருந்து உள்ளே நெருக்கும் மண்ணுக்காக அன்று. நிரம்பியிருக்கும் வரை தெரியாது. வெறுமையாக்கியதும் வயிறு ஒடுங்கி மடியும். புதைப்பதற்கென்றே செய்யப்பட்ட தாங்கியின் சுவர் தடித்து, சுற்றிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும். விலையும் கூட.

இரண்டாவது, மிதப்பு. மலையடிவாரத்தில் ஒரு புதுக் குடியிருப்பில் நாம் கண்டதைச் சொல்கின்றோம். ஒரு குடும்பம் 1,000 லீற்றர் தாங்கியைப் புதைத்து மூன்று ஆண்டுகள் பிரச்சினையில்லாமல் இருந்தது. சேறு நிரம்பியதும் அகற்றினார்கள். அது மழைக்காலம். அன்றிரவு பெய்த மழையில் மண்ணின் நீர்மட்டம் ஏறியது. காலையில் தாங்கி மரவள்ளிப் பாத்தியின் நடுவே ஓரடி மேலெழுந்து நின்றது. குழாய் முறிந்து, இரண்டு வீட்டுக் கழிவு கீழ் வீட்டாரின் இஸ்தோப்பு வரை வந்துவிட்டது. பல மாதம் இரு வீட்டாருக்கும் பேச்சில்லை. காரணம் மந்திரமன்று: 1,000 லீற்றர் இடத்தைப் பிடித்திருக்கும் வெறுந் தாங்கியை நிலத்தடி நீர் ஏறத்தாழ 1,000 கிலோ விசையுடன் மேலே தள்ளும். தாங்கியின் சொந்தப் பாரமோ சில பத்துக் கிலோ.

ஆகவே நீர்மட்டம் ஏறும் காணியில் பிளாஸ்டிக் வைப்பதாயின், அடியிற் கொங்கிறீற் தட்டு வார்த்து, அதிற் பதித்த கொளுக்கிகளில் பட்டி போட்டுத் தாங்கியை இறுகக் கட்ட வேண்டும். சுற்றிலும் கல்லில்லாத மணலை அரையடி அரையடியாக நிரப்ப வேண்டும். நிரப்பும்போதே உள்ளேயும் அதே உயரத்துக்குத் தண்ணீர் விட வேண்டும். சேறகற்றுவது வறண்ட மாதத்தில். அகற்றிய உடனே தண்ணீரால் நிரப்புங்கள். இவ்வளவும் செய்தபின் செலவைக் கூட்டிப் பார்த்தால், செங்கல்லைவிட மலிவு என்ற எண்ணம் பலருக்கு மாறும். நீர்மட்டம் ஆழமான, கல் சுமக்க முடியாத, மேசன் கிடைக்காத மேட்டுக் காணிக்கு அது நல்ல தெரிவு. கண்ணாடியிழைத் தாங்கியும் இதே வகையினது. கூரான கல் பட்டால் வெடிக்கும்.

எவ்வளவு பெரிது?

எமது நாட்டில் இதற்கென எஸ்.எல்.எஸ். 745 என்ற கட்டளை 1986இல் வெளிவந்து பின்னர் திருத்தப்பட்டது; பிரதேச சபையில் அதன்படியே கேட்பார்கள். ஒரு மட்டுக்கு அயல்நாட்டு அளவையும் தருகின்றோம். இந்தியாவின் ஐ.எஸ். 2470, ஐந்து பேருக்கு நீளம் 1.5 மீற்றர், அகலம் 0.75 மீற்றர், நீர் ஆழம் 1 மீற்றர் என்கின்றது. இரண்டாண்டுக்கு ஒருமுறை சேறகற்றுவதாயின் இது போதும். பத்துப் பேருக்கு 2 மீற்றர் நீளமும் 0.9 மீற்றர் அகலமும். நீருக்கு மேலே ஓரடி வெற்றிடம் விடவும். இரண்டு வீட்டார் சேர்ந்தால் இரண்டு சிறு தாங்கிகளைவிட ஒரு பெரிய தாங்கி மலிவு என்பதும், 7 பேர்ச்சஸ் காணியில் இடமும் மிச்சம் என்பதும் இவ்வளவுகளிலிருந்தே தெரியும். ஆனால் யாருடைய காணியில், யார் சேறகற்றுவது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கும் நீரைத் தாங்கிக்குள் விடாமல் வாழைப் பாத்திக்குத் திருப்பினால் தாங்கி சிறிதாயிருந்தாலும் தாக்குப்பிடிக்கும்.

சாப்பாட்டுக் கடை வைத்திருப்போர், எண்ணெய் நீரைத் தனித் தொட்டியில் நிறுத்தி, மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்த பின்னரே வெளியே விட வேண்டும். வீட்டில் இறப்பர் ஷீட் அடிப்போர், பால் உறைய வைத்த அசிட் தண்ணீரைத் தாங்கிக்குள் ஊற்றாதீர்கள். அது கிருமிகளைக் கொல்லும். சீமெந்துப் பூச்சையும் தின்னும்.

சிலருக்குத் தாங்கியே வேண்டாம்

கழிவு உறிஞ்சும் பவுசர் வர முடியாத காணியில் தாங்கி கட்டுவோர், ஐந்தாண்டுக்குப் பின் என்ன செய்வது என்று இப்போதே யோசிக்க வேண்டும். வாளியால் அள்ளுவதற்காகத் தாங்கிக்குள் எவரும் இறங்கக் கூடாது. உள்ளேயுள்ள வாயு ஒரே மூச்சில் ஆளை வீழ்த்தும். காப்பாற்றப் போனவரையும் சேர்த்து வீழ்த்தும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் ஆபத்து. அப்படிப்பட்ட இடத்தில், நீர்மட்டம் ஆழமாயின், இரட்டைக் குழி மலசலகூடமே மேல். ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைப் பாவித்தால், இரண்டாண்டில் முதற் குழியிலுள்ளது நாற்றமற்ற மண்ணாகிவிடும். அதனை மரக்கன்று நடும் குழிகளுக்குப் போடலாம். தாங்கியிலிருந்து எடுத்த பச்சைச் சேற்றை மட்டும் கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள். வட்டப்புழுவின் முட்டைகள் அதில் பல மாதம் உயிரோடிருக்கும்.

மூடுவதற்கு முன்

செங்கல்லோ வளையமோ, தாங்கி கட்டி முடிந்ததும் சுற்றிலும் மண் நிரப்புவதற்கு முன்னர் இச்சோதனையைச் செய்யுங்கள். வெளியேறும் குழாயைத் துணியால் இறுக அடைத்து, குழாய் மட்டம் வரை தண்ணீர் நிரப்புங்கள். முதல் நாள் சுவர் நீரைக் குடிக்கும், அது கசிவன்று. மறுநாள் குறைந்ததை நிரப்பி, சுவரிற் கரியாற் கோடு கீறி, மழை விழாமல் தகரத்தால் மூடி வையுங்கள். இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குப் பின் நீர் கோட்டிலேயே நின்றால் தாங்கி நல்லது. இறங்கியிருந்தால் சுவரின் வெளிப்புறத்தில் ஈரம் தெரியும் இடத்தை அடையாளமிட்டு, நீரை வெளியேற்றி, பூச்சைச் சுரண்டி மீண்டும் பூசி, மறுபடியும் நிரப்பிப் பார்க்க வேண்டும். மேசன்பாசுக்குக் கொடுக்க வேண்டிய கடைசிப் பணத்தை அதுவரை கையில் வைத்திருங்கள்.